குளிசையை நிறுத்தினால் பிள்ளை தங்குமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கி:

"டொக்டர், எனக்கு வயது 28. ஒட்டுசுட்டான் பக்கம். கல்யாணம் முடித்து இரண்டரை வருடம். அதற்கு முன்பே வயிற்றால் இரத்தத்தோடு போகத் தொடங்கியது. மூலம் என்றும் சீதபேதி என்றும் மாறி மாறி மருந்து எடுத்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் கமரா விட்டுப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் புண்) என்றார்கள். சலசோபிரின் நாளுக்கு நான்கு, அசதயோபிரின் ஒன்று. குடித்த காலம் முழுக்கச் சுகமாக இருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பத்து மாதம் மூன்று மாதக் கருத்தடை ஊசியில் இருந்தேன். அதை விட்ட பிறகும் பிள்ளை தங்கவில்லை. இவர் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வருவார். அசதயோபிரின் பெட்டிக்குள் இருந்த தாளைப் படம் எடுத்துக் கனடாவில் உள்ள அக்காவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு, இதைக் குடித்தால் பிள்ளை ஊனமாகத்தான் பிறக்கும் என்றார். ஐந்து மாதத்துக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இப்போது நாளுக்கு ஆறேழு தடவை போகிறது, இரத்தமும் படுகிறது. மாமிக்கு இவரைத் தவிர வேறு பிள்ளைகள் இல்லை, மற்ற இருவரையும் சண்டையில் இழந்தவர். அவருக்கு என் வருத்தம் தெரியாது, 'அல்சர்' என்றுதான் சொல்லியிருக்கிறோம். குளிசைகளைத் தையல் மெசின் லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இந்த முறை கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு பிடிக்கச் சொல்கிறார். எனக்குப் பிள்ளை தங்குமா? தங்கினால் ஊனமாகப் பிறக்குமா? பிள்ளைக்கும் இந்த வருத்தம் வருமா?"

தங்கச்சி,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் இருக்கிறது, பெரும்பாலும் நல்ல பதில்தான். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் இடையில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் எனக்கு அவசரமாகப் படுகிறது: ஆறேழு தடவை, இரத்தத்தோடு. அதை முதலில் பார்ப்போம்.

இந்த வருத்தத்தில் நாளுக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ இரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சல் இருந்தாலோ, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90ஐத் தாண்டினாலோ, இரத்தம் குறைந்து எழும்பி நடக்க ஏலாமல் இருந்தாலோ, அது வாட்டில் மறித்து ஊசி மருந்து கொடுக்க வேண்டிய கட்டம். அப்படியென்றால் யாழ்ப்பாணம் கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம். மாங்குளம் ஆதார வைத்தியசாலையோ முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். காய்ச்சல் இல்லை, நடமாட முடிகிறது என்றாலும் இந்தக் கிழமைக்குள் ஒரு வைத்தியர் உங்களைப் பார்த்தாக வேண்டும். கிருமியாலும் இப்படிப் போகலாம் என்பதால் மலத்தைச் சோதித்துவிட்டுத்தான் மருந்து தொடங்குவார்கள்.

போவதற்கு முன் ஒரு காரியம். கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பாமசியில் சிறுநீர் பார்க்கும் பட்டி ஒன்று வாங்கிக் காலையில் பார்த்துவிடுங்கள். கரு தங்கியிருந்தால் அதையும் சொல்லியே மருந்து கேட்க வேண்டும். தங்கியிருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, உங்கள் வருத்தத்துக்குப் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு. அதுவரை நோவுக்குப் பனடோல் குடிக்கலாம். டைக்ளோபெனாக், இபுப்ரோபென் பக்கம் போக வேண்டாம், அவை இந்தப் புண்ணைக் கிளறிவிடும். வயிற்றோட்டத்தைக் கட்டும் குளிசையையும் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். முன்பு எப்போதோ கொடுத்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசை மிச்சம் கிடந்தால் அதையும் தொட வேண்டாம். எத்தனை குளிசையில் தொடங்குவது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பது வைத்தியர் எழுதித் தர வேண்டிய கணக்கு.

சரி, இனி உங்கள் முதல் கேள்வி. பிள்ளை தங்குமா?

தங்கும் என்றுதான் நம்பி நடக்கலாம். பெருங்குடல் புண் ஓய்ந்திருக்கிற, வயிற்றில் பெரிய சத்திரசிகிச்சை எதுவும் செய்யாத பெண்ணுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு மற்றப் பெண்களுக்கு இருப்பதைப் போலத்தான். இந்த வருத்தக்காரருக்குப் பிள்ளைகள் குறைவு என்று கணக்குகள் காட்டுவது உண்மை. ஆனால் அதில் பெரிய பங்கு, பயந்து பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிட்டவர்கள். மிச்சம், வருத்தம் கிளம்பியிருக்கும் காலத்தில் முயற்சி செய்தவர்களும், பெருங்குடலை முழுதாக எடுத்துச் சிறுகுடலில் பை செய்து பொருத்தும் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கருக்குழாய்கள் ஒட்டிக்கொண்டவர்களும். உங்களுக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடக்கவில்லை.

பிறகு உங்கள் இரண்டரை வருடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். முதல் பத்து மாதம் ஊசி. மூன்று மாத ஊசியை விட்ட அடுத்த மாதமே கரு தங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அது சரியில்லை. கடைசி ஊசி போட்ட நாளில் இருந்து ஒன்பது பத்து மாதம் செல்வது சாதாரணம், சிலருக்கு அதற்கு மேலும் செல்லும். இதில் மலட்டுத்தன்மை ஒன்றும் இல்லை, ஊசியின் இயல்பே அதுதான். பிறகு கடைசி ஐந்து மாதம் குளிசை இல்லாமல், அதில் பாதி இரத்தத்தோடு போன காலம். இவற்றைக் கழித்தால், உடம்பு உண்மையில் தயாராக இருந்த காலம் ஒரு வருடம்கூட வராது. அந்தக் காலத்திலும் கணவர் மாதத்தில் இரண்டு மூன்று நாள்தான் வீட்டில். 28 நாளுக்கு ஒருக்கால் மாதவிடாய் வருகிறவருக்குக் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய 10ஆம் நாளில் இருந்து 15ஆம் நாள் வரை. அவர் லீவு எடுத்து வருகிற நாள் அதற்குள் விழுந்ததா என்று பாருங்கள். இதைக் கேட்க எல்லாருக்கும் வெட்கம், அதனால் ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் பெண்ணைத்தான் கோயில் கோயிலாகக் கொண்டுபோகிறார்கள்.

அவருடைய விந்துப் பரிசோதனையும் ஒருமுறை செய்ய வேண்டும். உங்கள் உடம்பில் ஒரு வருத்தம் இருக்கிறது என்பதற்காகக் குறையும் உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்களைச் சோதிக்கத் தொடங்கும்போதே அவரையும் சோதிப்பதுதான் முறை. மலிவான பரிசோதனை, ஊசிகூட இல்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் கூட நேரம் எடுக்கப் போகிறேன், ஏனென்றால் நீங்கள் குளிசையை நிறுத்தியது அந்தப் பயத்தில்.

சலசோபிரின் பெரிய மஞ்சள் குளிசை. குடித்தால் சிறுநீரும் செம்மஞ்சளாகப் போகும். அதைக் கண்டு, இவ்வளவு சூடான மருந்து கருவைக் கரைத்துவிடும் என்று சொல்லும் ஆட்கள் எங்கள் ஊர்களில் நிறைய. அது குளிசையின் நிறம், அவ்வளவுதான். பல பத்தாண்டுகளாகப் பிள்ளைத்தாய்ச்சிகள் குடித்துவரும் மருந்து இது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: உடம்பு போலிக் அசிட்டை எடுப்பதை இது குறைக்கும். பிள்ளையின் முள்ளந்தண்டும் மூளையும் ஒழுங்காக உருவாகப் போலிக் அசிட் வேண்டும். சாதாரணமாகப் பெண்களுக்கு நாளுக்கு 0.4 மில்லிகிராம் போதும். சலசோபிரின் குடிப்பவர்களுக்கு 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். அதையும் கரு தங்கும் வரை பார்த்திருக்காமல், முயற்சி செய்வதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். ஊர் மிஸ் (மருத்துவமாது) கொடுக்கும் குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று பெட்டியைப் பார்த்துக் கேளுங்கள்.

அசதயோபிரின் கதை வேறு. அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. உங்கள் அக்கா பொய் சொல்லவில்லை. அந்தத் தாளில் அப்படித்தான் எச்சரிக்கை இருக்கிறது. மிருகங்களுக்குக் கூடிய அளவில் கொடுத்துப் பார்த்ததில் வந்த விளைவுகள், சட்டத்துக்காகப் போடும் வரிகள் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் தாள். ஆனால் 1960களில் இருந்தே சிறுநீரகம் மாற்றிய பெண்கள் இதே மருந்தைக் குடித்துக்கொண்டு பிள்ளை பெற்றிருக்கிறார்கள். குடல் வருத்தக்காரரிலும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய 'பியானோ' என்ற ஆய்வில், இந்த வருத்தமுள்ள பெண்களின் ஏறக்குறைய 1,500 கர்ப்பங்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். அசதயோபிரின் குடித்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு, குடிக்காதவர்களின் பிள்ளைகளைவிட ஊனம் கூடவில்லை. எந்த மருந்தும் குடிக்காத, எந்த வருத்தமும் இல்லாத தாய்மாருக்குக்கூட 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏதோ ஒரு குறையோடு பிறக்கின்றன. அதை யாராலும் பூச்சியமாக்க முடியாது.

ஏற்கனவே அசதயோபிரினில் சுகமாக இருப்பவர் கர்ப்பத்திலும் அதைத் தொடரலாம் என்பதுதான் இன்றைய நிலை. கர்ப்பத்துக்கு நடுவில் முதல்முறையாகத் தொடங்குவதை மட்டும் தவிர்ப்பார்கள். புதிதாக எடுப்பவருக்குக் கணையம் வீங்கலாம், இரத்த அணுக்கள் குறையலாம், யாருக்கு அப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. நீங்கள் ஐந்து மாதம் விட்டுவிட்டீர்கள். திரும்பத் தொடங்குவதென்றால் கரு தங்குமுன் தொடங்கி, இரத்தம் சோதித்துச் சோதித்துப் போவது நல்லது.

பிள்ளைக்கு உண்மையில் கெடுதல் செய்யக்கூடியது, கிளம்பி நிற்கிற குடல். குடலில் அழற்சி இருக்கும்போது கரு கலைவதும், குறைமாதத்தில் பிறப்பதும், நிறை குறைந்து பிறப்பதும் கூடுகிறது. தாயின் காலில் இரத்தம் கட்டிப்போகும் ஆபத்தும் கூடுகிறது. பிள்ளைக்காக என்று குளிசையை விடுகிற பெண், பிள்ளைக்கு இருந்த காவலைத்தான் எடுத்துவிடுகிறார். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. இந்தக் கடிதத்தில் இருப்பதைப் போல என்னிடம் நேரில் சொன்ன பெண்கள் பலர். எல்லாரும் நல்லது நினைத்து நிறுத்தியவர்கள்தான்.

அதனால் இப்போது, இந்த நிலையில், கரு தங்க முயற்சி செய்ய வேண்டாம். இதைச் சொல்ல எனக்கும் விருப்பமில்லை, ஆனால் இதற்கு மாற்று இல்லை. வருத்தம் ஓய்ந்திருக்கும்போது கருத்தரித்தால், மூன்றில் இரண்டு பேருக்குப் பிரசவம் வரை அது ஓய்ந்தே கிடக்கும். கிளம்பியிருக்கும்போது கருத்தரித்தால் கணக்கு மாறிவிடும்: ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தணியும், ஒருவருக்கு அப்படியே இழுபடும், ஒருவருக்கு இன்னும் மோசமாகும். வாந்தியும் மசக்கையுமாக இருக்கும் காலத்தில் நாளுக்குப் பத்துத் தடவை மலசலகூடத்துக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள்.

எத்தனை காலம் பொறுக்க வேண்டும்? அசதயோபிரின் வேலை செய்யவே இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதற்கிடையில் கிளம்பியதை அடக்க ஸ்டீரொய்ட் தரலாம். அது முழுதாக நின்ற பிறகும் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் குடல் அமைதியாக இருக்க வேண்டும். ஆக மொத்தம் ஒரு வருடத்துக்குக் கிட்டப் போகும். உங்களுக்கு 28 வயது, 29இல் தொடங்கினாலும் நேரம் இருக்கிறது. இரத்தம் நின்றுவிட்டது, இனிச் சரி என்று நீங்களாக முடிவு செய்யவும் வேண்டாம். வெளியில் சுகம், உள்ளே புண் என்பது இதில் சகஜம். மலத்தில் கல்ப்ரொடெக்டின் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, இல்லையென்றால் ஒருக்கால் கமரா விட்டுப் பார்த்துச் சொல்வார்கள்.

இந்த இடைக்காலத்தில் தடுப்புக்குத் திரும்பவும் மூன்று மாத ஊசி வேண்டாம். விட்ட பிறகு மறுபடி அந்த ஒன்பது பத்து மாதம் போகும், ஸ்டீரொய்டோடு சேர்ந்து எலும்புக்கும் நல்லதில்லை. குடல் கிளம்பியிருக்கும் நேரத்தில் வழக்கமான கருத்தடைக் குளிசையும் சரிவராது, இரத்தம் கட்டும் ஆபத்து ஏற்கனவே கூட. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகிற கணவருக்கு ஆணுறை போதும்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். குளிசையை நிறுத்தியதற்கு அக்காவின் பேச்சு மட்டும் காரணமா, யாழ்ப்பாணம் போய்வரும் கரைச்சலும் காரணமா? கிளினிக் நாளில் இருட்டோடு எழும்பி, மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் பஸ் ஏறி, வழியில் வயிற்றால் வந்துவிடும் என்று முதல் நாள் பின்னேரத்தில் இருந்தே ஒன்றும் சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல், யன்னல் கரை சீற்றைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களை எனக்குத் தெரியும். ஆனையிறவு தாண்டுமுன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு, உடுப்பில் போய்விட்டதால் அடுத்த கிளினிக்குக்கு வராமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இதை வைத்தியரிடம் சொல்லுங்கள். நிலைமை அடங்கிய பிறகு, இரண்டு மாதத்துக்கான குளிசையைச் சேர்த்துத் தரக் கேட்கலாம். அல்லது நிபுணர் ஒரு கடிதம் தந்தால், இரத்தப் பரிசோதனையையும் மாதாந்தக் குளிசையையும் முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ எடுக்க ஒழுங்கு செய்யலாம். யாழ்ப்பாணத்துக்கு நான்கு மாதத்துக்கு ஒருக்கால் போனால் போதும் என்றாகும். கேட்காமல் தானாக இது நடக்காது. கிளினிக் கொப்பியில் "பஸ்ஸில் வர ஏலாது, கிட்டிய இடத்தில் மருந்து வேண்டும்" என்று முதல் வரியாகவே எழுதிக்கொண்டு போங்கள், வைத்தியரின் கண்ணில் படட்டும். வரும் நாளில் பட்டினி கிடக்க வேண்டாம். வெறுவயிற்றில் தண்ணீரும் இல்லாமல் வந்தால் மயங்கத்தான் செய்வீர்கள். வெள்ளைச் சோறோ பாணோ கொஞ்சம், ஜீவனி (உப்புச் சீனித் தூள்) கரைத்த தண்ணீர் ஒரு போத்தல், பையில் மாற்றுடுப்பு ஒன்று.

இனி மாமி. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தாய், மிஞ்சிய பிள்ளையின் வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்க அந்தரப்படுவதில் என்ன பிழை? ஆனால் அவர் விரதம் பிடி என்று சொல்வது உங்களுக்கு வெறும் 'அல்சர்' என்று நினைத்துக்கொண்டு. உண்மை தெரிந்தால் அவரே சொல்லமாட்டார். லாச்சிக்குள் ஒளித்த குளிசை ஒழுங்காகக் குடிபடாது. மாமி முற்றத்தில் இருந்தால் மத்தியானக் குளிசை தவறும், ஆட்கள் வந்தால் இரவுக் குளிசை தவறும். அதோடு பிள்ளைத்தாய்ச்சியான பிறகு, ஒன்பது மாதமும் பெத்த பிறகும் உங்களைப் பார்க்கப் போவது அவர்தான். எட்டாம் மாதத்தில் இரத்தம் போனால் யாரிடம் மறைப்பீர்கள்?

சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை, உங்கள் கணவர். அடுத்த முறை கொழும்பில் இருந்து வரும்போது தாயைத் தனியாக இருத்தி அவர் சொல்லட்டும்: குடலில் புண், தொற்றும் வருத்தம் இல்லை, புற்றுநோய் இல்லை, மருந்து குடித்தால் அடங்கும், அடங்கினால் பிள்ளை பெறலாம், ஒரு வருடம் பொறுங்கள். அதற்குப் பிறகு மிஸ் வீட்டுக்கு வருகிற நாளில் மாமியையும் பக்கத்தில் இருத்தி, அதே கதையை மிஸ்ஸின் வாயாலும் சொல்லவையுங்கள். எங்கள் பக்கத்தில் டொக்டர் சொன்னதைவிட மிஸ் சொன்னது வீட்டில் எடுபடும்.

சஷ்டி பிடிப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இரத்தம் போகிற உடம்போடு ஆறு நாள் தண்ணீர் மட்டும் என்பது முடியாது. உப்பும் நீரும் குறைந்து வாட்டில்தான் முடியும். இந்த முறை மாமி உங்களுக்காகப் பிடிக்கட்டும். அடங்கிய பிறகு, ஒரு நேரச் சாப்பாட்டோடோ பால் பழத்தோடோ பிடிக்கலாம். அப்படிப் பிடிப்பவர்கள் ஊரில் எத்தனையோ பேர். எந்த விரதத்திலும் குளிசை தவறக் கூடாது, கர்ப்பமாக இருக்கும்போது விரதமே வேண்டாம். பிள்ளை தங்க என்று யாராவது சூரணமோ லேகியமோ கட்டித் தந்தால், அதில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் வாய்க்குள் போட வேண்டாம்.

மிஸ்ஸிடம் இரண்டு விஷயம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, ருபெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டு, இல்லையென்றால் போடச் சொல்வார்கள். அது உயிருள்ள கிருமித் தடுப்பூசி. அசதயோபிரினோ கூடிய அளவு ஸ்டீரொய்டோ குடிக்கும்போது நிபுணரைக் கேட்காமல் போடக் கூடாது. மற்றது இரத்தச்சோகை. இத்தனை மாதம் இரத்தம் போனவருக்கு ஹீமோகுளோபின் பெரும்பாலும் குறைந்திருக்கும். இரும்புக் குளிசை உங்கள் குடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுக்குத்து வந்தால், பேசாமல் எறிந்துவிடாமல் சொல்லுங்கள். ஊசியாக ஏற்றலாம், கர்ப்பத்திலும் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு ஏற்றலாம். திரிபோஷா சத்துமா தந்தால் நீங்கள்தான் சாப்பிட வேண்டும். வீடு முழுக்கப் பங்குபோடும் கதை தெரிந்ததுதான்.

கரு தங்கிய பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அப்போது திரும்ப எழுதுங்கள். குடல் கிளினிக், கர்ப்பிணி கிளினிக் இரண்டுக்கும் போக வேண்டும், ஒன்றில் கொடுத்ததை மற்றதில் காட்ட வேண்டும். நடுவில் கிளம்பினால் சலசோபிரின் வகை மருந்தைக் கூட்டலாம், மலவாசல் வழியாக வைக்கும் மெசலசின் பாவிக்கலாம், தேவையென்றால் பிரெட்னிசொலோனும் கொடுக்கலாம். பிரெட்னிசொலோன் குடித்தால் சீனியும் பிரஷரும் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். மிக அவசியமென்றால் கீழ்க்குடலை மட்டும் பார்க்கும் சின்னக் கமராவும் விடலாம், பிள்ளைக்கு ஆபத்தில்லை. கடைசி மாதங்களில் பிள்ளையின் வளர்ச்சியை ஸ்கானில் பார்ப்பார்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நோவெடுத்தால் அன்றே வைத்தியசாலைக்கு. பிரசவம் பெரும்பாலும் சாதாரணமாகவே நடக்கலாம், இந்த வருத்தம் இருக்கிறது என்பதற்காக மட்டும் சீசர் தேவையில்லை. பிள்ளை பிறந்த கையோடு குளிசையை விடுகிறவர்களுக்குத்தான் கூடுதலாக அடுத்த சில மாதத்தில் திரும்பக் கிளம்புகிறது. விட வேண்டாம். சலசோபிரினோடும் அசதயோபிரினோடும் பால் கொடுக்கலாம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் மட்டும் காட்டுங்கள். பத்தியக் கறியில் மிளகும் சரக்கும் வயிற்றைப் பிரட்டினால் குறைத்துப் போடச் சொல்லுங்கள், அதற்காகச் சாப்பாட்டையே குறைக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: பிள்ளைக்கும் வருமா? தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால், மற்றப் பிள்ளைகளைவிட வாய்ப்புக் கொஞ்சம் கூட. ஆனால் அப்படிப் பிறந்த 100 பிள்ளைகளில் 95 பேருக்காவது வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் வளர்ந்த பிறகுதான். இதற்குப் பயந்து பிள்ளை வேண்டாம் என்று இருக்க வேண்டியதில்லை.

இதே வருத்தமுள்ள வேறு பெண்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குச் சம்பந்தமில்லாத சிலதையும் எழுதிவிடுகிறேன். குரோன்ஸ் நோய்க்கு (இதே வகைக் குடல் வருத்தம்) மெதோட்ரெக்சேட் குடிப்பவர்கள் அதோடு கருத்தரிக்கவே கூடாது. அது உண்மையாகவே கருவைக் கலைக்கும், ஊனமாக்கும். கருத்தரிக்கக் குறைந்தது மூன்று மாதம் முன்பே வைத்தியர் அதை மாற்ற வேண்டும். கிழமைக்கு ஒருமுறை மட்டும் குடிக்கும் மருந்து என்பதால் சிலர் அதை ஒரு மருந்தாகவே எண்ணாமல் சொல்லாமல் விடுகிறார்கள். டோஃபாசிடினிப் என்ற குளிசையும் கர்ப்பத்தில் ஆகாது. குதவாசலைச் சுற்றிக் கிளம்பிய குரோன்ஸ் இருந்தால் சீசர்தான் நல்லது. இன்ப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஊசிகளில் இருப்பவர்கள் கர்ப்பத்திலும் தொடரலாம், ஆனால் கடைசி மூன்று மாதத்தில் மருந்து பிள்ளையின் இரத்தத்துக்கும் போகும். எங்கள் நாட்டில் பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போகுமுன்னே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டுவிடுவார்கள். அது உயிருள்ள கிருமி. இந்த ஊசி எடுத்த தாயின் பிள்ளைக்கு அதைப் பிறந்த உடனே போடக் கூடாது, குறைந்தது ஆறு மாதமாவது, இன்ப்ளிக்சிமாப் என்றால் ஒரு வருடமாவது தள்ளிப்போட வேண்டும். போலியோ சொட்டு மருந்தைப் பற்றியும் பிள்ளை வைத்தியரிடம் கேட்க வேண்டும். பிரசவ வாட்டில் தாதிமார் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதனால் கர்ப்பிணிப் பதிவேட்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கும் ஒன்று. சலசோபிரின் குடிக்கும் ஆணுக்கு விந்தணுக்கள் குறைந்து, அவற்றின் ஓட்டமும் குறையும். இது நிரந்தரமில்லை, மருந்தை மாற்றினால் இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடும். பிள்ளை தங்கவில்லை என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு அலைவதற்கு முன், உங்கள் குளிசைப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறதென்று பாருங்கள். சலசோபிரின் என்றால் நீங்களாக நிறுத்தாமல், மெசலசினுக்கு மாற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள்.